அதிகம் கேட்காத கிறிஸ்துமஸ் பாடல்கள்: எங்கே கோட்டை விடுகிறோம்?

வழக்கமான பத்துப் பாட்டு சலித்துப்போய்ப் புதிதாக எதையாவது தேடுகிறவர்கள், பெரும்பாலும் நல்ல பாட்டைக் கண்டுபிடித்த பிறகுதான் கோட்டை விடுகிறார்கள். சரியான பதிவு கையில் சிக்காது. சிக்கினாலும் பாட்டுச் செயலியின் செட்டிங் அதைக் கெடுத்துவிடும்.

முதல் தவறு, தலைப்பை மட்டும் நம்பித் தேடுவது. 'இன் த பிளீக் மிட்விண்டர்' என்று போட்டால் இரண்டு வெவ்வேறு பாட்டு வரும். வரிகள் கவிஞர் கிறிஸ்டினா ரொசெட்டியின் ஒரே கவிதைதான். 1906-இல் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் போட்ட மெட்டு, சபையே சேர்ந்து பாடுவதற்கானது. ஒவ்வொரு சரணமும் ஒரே அச்சில் போகும். சில ஆண்டுகள் கழித்து ஹரால்ட் டார்க் போட்டது தனிக்குரலில் தொடங்கி, கொயரும் (பாடகர் குழு) ஆர்கனும் சேரச்சேரச் சரணத்துக்குச் சரணம் நிறம் மாறும். முதலாவதைக் கேட்டுவிட்டு "ஏற்கெனவே தெரிந்ததுதான்" என்று ஒதுக்கியவர்கள் இரண்டாவதைத் தவறவிட்டிருப்பார்கள். தலைப்போடு இசையமைப்பாளர் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

அடுத்தது, ஆங்கில வரிகளை மூலத்தின் மொழிபெயர்ப்பு என்று எடுத்துக்கொள்வது. 'கேரல் ஆஃப் த பெல்ஸ்' எல்லோருக்கும் தெரியும். அதன் மூலமான 'ஷெட்ரிக்' அப்படியில்லை. உக்ரைனின் மிகோலா லியோன்டோவிச் அமைத்து, 1916-இல் கீவ் நகரில் முதலில் பாடப்பட்ட இந்தப் பாட்டில் மணியும் கிடையாது, கிறிஸ்துமஸும் கிடையாது. தகைவிலான் குருவி ஒன்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, ஆடுகள் குட்டி போட்டிருப்பதைப் பார்க்கச் சொல்கிற புத்தாண்டுப் பாட்டு அது. மணிகளெல்லாம் 1936-இல் பீட்டர் வில்ஹவுஸ்கி எழுதிய ஆங்கில வரிகளோடு வந்தவை. மூன்றே ஸ்வரங்களில் சுழலும் அந்த நான்கு ஓசைத் துணுக்கை, வாத்தியம் எதுவும் இல்லாத உக்ரைனியக் கொயர் பதிவில் கேளுங்கள். 'ஹ்யூரான் கேரல்' கதையும் இதுவே. 1926-இன் ஆங்கில வரிகள், கனடாவின் பூர்வகுடி மொழியான வெண்டாட் மூலத்திலிருந்து வெகுதூரம் விலகியவை. அந்த ஆங்கில வரிகளில் கடவுளுக்கு வரும் பெயர்கூட வெண்டாட் சொல் இல்லை, வேறொரு பூர்வகுடி மொழிக் குடும்பமான அல்கோன்குவியச் சொல். 'ஜெசூஸ் அஹடோன்யா' என்ற பெயரில் தேடினால் மூலமொழிப் பதிவுகள் கிடைக்கும்.

இனி செட்டிங். ஸ்டீலை ஸ்பேன் குழு வாத்தியமே இல்லாமல் லத்தீனில் பாடிய 'கௌடேத்தே' 1973-இல் பிரிட்டிஷ் தரவரிசையில் 14-ஆம் இடம் வரை போனது. பாடகர்கள் தூரத்திலிருந்து நடந்து வந்து, நம்மைக் கடந்து போவதுபோல் பதிவு செய்திருப்பார்கள். அதனால் தொடக்கத்தில் சத்தம் மிக மெல்லியது. சரியாகக் கேட்கவில்லையே என்று வால்யூமை ஏற்றினால் நடுவில் காதைப் பிளக்கும். கை வைக்காமல் காத்திருங்கள்.

க்ராஸ்ஃபேடை அணைத்துவிடுங்கள். ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் இந்த வசதி, நடன விருந்துக்குச் சரி. 16-ஆம் நூற்றாண்டின் 'கவென்ட்ரி கேரல்' சோகமான மைனர் ஸ்வர வரிசையில் போய்க் கடைசி நாதத்தில் மட்டும் பிரகாசமான மேஜருக்குத் திரும்பும். உயிரே அந்த இடத்தில்தான். 6 நொடி க்ராஸ்ஃபேட் வைத்திருந்தால் அது அப்படியே விழுங்கப்படும். (தாலாட்டு மெட்டுதானே என்று குழந்தைகளின் விழாவில் இதைப் போடாதீர்கள். ஏரோது மன்னன் கொல்லச் சொன்ன பிள்ளைகளுக்காகத் தாய்மார் பாடுவது இது.)

பாட்டுகளின் வரிசையைக் கலைக்கும் ஷஃபிளும் அப்படித்தான். பெஞ்சமின் பிரிட்டன் 1942-இல் எழுதிய 'எ செரிமனி ஆஃப் கேரல்ஸ்' 11 பகுதிகள் கொண்டது. கொயர் ஒரு பழைய லத்தீன் பாடலோடு உள்ளே வந்து, அதையே பாடிக்கொண்டு வெளியேறும். நடுவில் வரும் ஹார்ப் (நரம்பு வாத்தியம்) தனியிசையும் அந்த மெட்டிலிருந்தே பிறந்தது. வரிசை கலைந்தால் வருவதும் போவதும் புரியாது. சிறுவர் குரலும் ஹார்ப்பும் உள்ள பதிவைத் தேர்ந்தெடுங்கள். ஆண், பெண் குரல்களுக்கு மாற்றி அமைத்த வடிவமும் உண்டு, அதில் அந்தக் கூர்மை குறைவு.

கடைசியாக, முதல் 10 நொடியில் தாண்டிவிடுவது. ஜோனி மிட்செல் 1971-இல் பாடிய 'ரிவர்' பியானோவில் 'ஜிங்கிள் பெல்ஸ்' போலத்தான் தொடங்கும், ஆனால் கொஞ்சம் வாடிப்போன ஜிங்கிள் பெல்ஸ். பண்டிகையை விட்டே எங்காவது போய்விட நினைக்கிற ஒருத்தியின் பாட்டு. விருந்தினர் எல்லோரும் கிளம்பிய பிறகு போடுங்கள்.