அம்பு பட்ட மான் எப்படி சாகுது? வில் வேட்டைக்கு புதுசா வர்றவங்களுக்கு

இந்தியாவுல காட்டு விலங்க வேட்டையாடுறது சட்டப்படி குற்றம், அதனால இது அமெரிக்காவுல லைசென்ஸ் எடுத்து ஒயிட்டெயில் (வெள்ளைவால்) மான் வேட்டைக்கு போறவங்களுக்கு மட்டும். அங்க விஸ்கான்சின் மாநிலத்துல 1934லயே வில்லுக்குன்னு தனி சீசன் விட்டாங்க. ரைஃபிள்ல சுட்டு பழகிட்டு அதே நினைப்போட வில்ல தூக்குறவங்கதான் இங்க நிறைய தப்பு பண்றாங்க, அடிபட்டு கஷ்டப்படுறது மான்.

படி 1: ரெண்டும் ஒரே வேலை செய்யலன்னு புரிஞ்சுக்கோங்க

தர்ட்டி ஆட் சிக்ஸ் (.30-06) ரைஃபிள்ல 150 கிரெய்ன் (புல்லட், அம்போட எடைய சொல்ற சின்ன அளவு) புல்லட் விநாடிக்கு சுமார் 2900 அடி வேகத்துல கிளம்பும், சக்தி 2800 அடி-பவுண்டு (மோதுற சக்திய சொல்ற அளவு). காம்பவுண்ட் வில்லுல (கப்பி வெச்ச இந்தக்கால வில்லு) 450 கிரெய்ன் அம்பு 270 அடி வேகத்துல போனா 70 சொச்சம்தான். கிட்டத்தட்ட 40 மடங்கு வித்தியாசம்! புல்லட் உள்ள போனதும் முனை விரிஞ்சு, சுத்தி இருக்குற சதையையும் சேத்து கிழிச்சு, எலும்பையும் நொறுக்கிடும். அம்பு அப்படி எதையும் நொறுக்காது, அது அறுக்கும், ரத்தம் போயித்தான் மான் சாகும். நெஞ்சுல ஓட்டை விழுந்தா காத்து உள்ள புகுந்து நுரையீரலும் சுருங்கிடும், ரெண்டு நுரையீரல்லயும் பட்டுச்சுன்னா பெரும்பாலும் சில விநாடியிலேயே, 100 யார்டுக்குள்ள (ஒரு யார்டுன்னா மூணு அடி) விழுந்துடும்.

படி 2: அம்பு முனையில இருக்குற பிளேட தீட்டுங்க

என்னைக் கேட்டா இதுதான் முக்கியம். நல்லா தீட்டுன அரிவாள்மனையில விரல் பட்டா வலியே தெரியாது ஆனா ரத்தம் நிக்காம வரும், மொட்டைக் கத்தி கிழிச்ச காயம்னா சீக்கிரம் உறைஞ்சிடும். மான் உடம்புக்குள்ளயும் அதே கதைதான், மழுங்குன பிளேடு ரத்தக்குழாய தள்ளிட்டு போகும், இல்லன்னா பிச்சு விடும், பிஞ்ச குழாய் சுருங்கி அடைச்சுக்கும். பிராக்டிஸ்ல மண்ணுல குத்துன பிராட்ஹெட்ட (பிளேடு வெச்ச அம்பு முனை) அப்படியே காட்டுக்கு கொண்டு போகாதீங்க.

படி 3: எப்போ விடக்கூடாதுன்னு முடிவு பண்ணிக்கோங்க

மான் பக்கவாட்டுல நிக்கணும், இல்லன்னா லேசா நம்மள விட்டு அந்தப்பக்கம் திரும்பி நிக்கணும். முன்னங்காலுக்கு ஒட்டி பின்னால, உடம்போட கீழ்ப்பாதியில குறி. தோள்பட்டை எலும்புல பட்டா புல்லட் உடைச்சிட்டு போயிடும், அம்பு அங்கேயே நின்னாலும் நின்னுடும். நேருக்கு நேரா பாத்துட்டு நின்னா விடவே விடாதீங்க. தூரமும் முக்கியம், 30 யார்டுக்கு அம்பு போக விநாடியில மூணுல ஒரு பங்கு ஆகும், நாண் சத்தம் அதுக்கு முன்னாடியே மானுக்கு கேட்டுடும், பாயறதுக்காக அது உடம்ப கீழ இறக்கும், நம்ம அம்பு மேல போயிடும். ஆரம்பத்துல 20 யார்டே போதும்.

படி 4: அம்ப எடுத்து பாருங்க, அப்புறம் காத்திருங்க

பல சமயம் அம்பு அந்தப்பக்கமா வெளிய வந்து கிடக்கும். இளஞ்சிவப்பா நுரையோட ரத்தம் இருந்தா நுரையீரல், அரை மணி நேரம் போதும். கருஞ்சிவப்பா இருந்தா கல்லீரல், குறைஞ்சது 4 மணி நேரம். பச்சையா ஏதாவது ஒட்டி நாத்தம் அடிச்சா குடல், 8ல இருந்து 12 மணி நேரம் விடணும்.

என் முதல் சீசன்ல கருஞ்சிவப்பு ரத்தத்த பாத்தும் 40 நிமிஷத்துல பின்னாலயே போயிட்டேன். படுத்திருந்த மான் எந்திரிச்சு ஓடையத் தாண்டிப் போச்சு, அதுக்கப்புறம் ஒரு சொட்டு ரத்தம்கூட கண்ணுல படல. ரெண்டு நாள் தேடினேன், கிடைக்கல. சும்மா உக்காந்திருந்தா அது அங்கேயே அமைதியா செத்திருக்கும், இன்னும் மனசு உறுத்துது.

படி 5: தடம் பிடிச்சு போங்க

ரத்தத்து மேல மிதிக்காம ஓரமா நடங்க, கடைசியா பாத்த சொட்டுல டிஷ்யூ பேப்பர் வெச்சிட்டு அடுத்தத தேடுங்க. மரத்து மேல இருந்து விட்டிருந்தா அம்பு கீழ்ப்பக்கமா வெளிய வந்திருக்கும், ரத்தம் நல்லாவே கொட்டியிருக்கும். மான் விழுந்து கிடந்தா முதுகுப் பக்கமா போய் நீளமான குச்சியால கண்ணைத் தொடுங்க, இமை அசையலன்னா மட்டும் கிட்ட போங்க.