ஸ்கியாவா: ஆல்ப்ஸ் மலைச் சிவப்பு ஒயினை முதல்முறை சுவைப்பது எப்படி?

இத்தாலியின் போல்சானோ ஊரில் ஒரு சின்ன உணவகத்தில் இந்த ஒயினை முதன்முதலாகக் கேட்டு வாங்கியபோது, தண்ணீர் கலந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். சிவப்பு ஒயின் என்றால் மை மாதிரி அடர்த்தியாக இருக்கும் என்பது அப்போது என் எண்ணம். இங்கே கிளாஸுக்குப் பின்னால் இருந்த மெனு அட்டையை ஒயின் வழியாகவே படிக்க முடிந்தது. எதை எதிர்பார்ப்பது என்று தெரியாமல் போய் உட்கார்ந்தது என் தப்பு. நீங்களும் அப்படி முழிக்க வேண்டாம் என்றுதான் இந்தப் பதிவு. மது வேண்டாம் என்பவர்கள் 4ஆம் படியில் வரும் திராட்சைக் கதையை மட்டும் படித்துவிட்டுப் போகலாம்.

படி 1: பெயரைப் பழகிக்கொள்ளுங்கள்

இத்தாலியின் வடகோடியில், டோலமைட் மலைகளை ஒட்டி இருக்கிறது தெற்கு டிரோல். முதல் உலகப் போர் முடியும்வரை ஆஸ்திரியாவோடு இருந்த பகுதி. இன்றும் ஜெர்மன் பேசுபவர்கள்தான் பெரும்பான்மை. அதனால் எல்லாவற்றுக்கும் இரண்டு பெயர். மாகாணம் இத்தாலியனில் ஆல்டோ அடிஜே, ஜெர்மனில் சூட்டிரோல். ஊர் போல்சானோ, போட்சென். நம் திராட்சை ஸ்கியாவா, ஃபெர்னாட்ச். ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பக்கம் போனால் இதையே ட்ரோலிங்கர் என்பார்கள். டிரோலிலிருந்து வந்தது என்பதுதான் அப்படி மருவிவிட்டது.

இன்னொரு விஷயம், ஸ்கியாவா என்பது ஒரே திராட்சையின் பெயர் அல்ல, குடும்பப் பெயர். பெரிய பழமாக இருப்பது ஸ்கியாவா குரோசா. ஸ்கியாவா ஜென்டீலே, ஸ்கியாவா கிரிஜா என்று இன்னும் இரண்டு பேர் உண்டு. தோட்டத்திலேயே கலந்து கிடப்பதால் ஒயினிலும் பெரும்பாலும் கலந்துதான் வருவார்கள். அதைப் பற்றி முதல் பாட்டிலில் கவலைப்பட வேண்டாம்.

படி 2: லேபிளைப் பார்த்து வாங்குங்கள்

கடையில் இரண்டு ஊர்ப்பெயர்களைத் தேடினால் போதும். ஒன்று சாந்தா மத்தலேனா. ஜெர்மனில் சாங்க்ட் மக்தலேனர். போல்சானோவின் ஓரத்தில் எழும்பும் குன்று அது. அங்கே ஸ்கியாவாவோடு லாக்ரைன் என்ற உள்ளூர்க் கறுப்புத் திராட்சையைக் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள், நிறம் கூடவும் வாயில் கொஞ்சம் கனமாகத் தெரியவும். மற்றது லாகோ தி கால்தாரோ, அதாவது கால்டரர்சே. கால்தாரோ ஏரியைச் சுற்றிய தோட்டங்கள். அது இன்னும் லேசு. முதல் பாட்டிலுக்கு நான் சாந்தா மத்தலேனாவைத்தான் சொல்வேன்.

அறுவடை ஆண்டு புதிதாக இருக்கட்டும். ஒன்றிரண்டு வருடத்துக்குள் குடித்துவிட வேண்டிய ஒயின் இது; ஊறுகாய் மாதிரி வைத்துப் பழக்கினால் பெரும்பாலும் லாபம் இல்லை.

விலை குறைவாக இருக்கிறதே என்று தயங்காதீர்கள். அதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. ஒரு காலத்தில் தெற்கு டிரோலின் தோட்டங்களில் பாதிக்கு மேல் இந்தத் திராட்சைதான். நன்றாகக் காய்க்கும் கொடி. காய்க்கிற மட்டும் காய்க்கவிட்டு, நீர்த்துப்போன ஒயினை மலிவாகப் பெரிய பாட்டில்களில் அடைத்து ஆஸ்திரியா, ஸ்விட்சர்லாந்து, ஜெர்மனி என்று அனுப்பினார்கள். பேர் கெட்டது. அப்புறம் கொடியைப் பிடுங்கிவிட்டு வெள்ளைத் திராட்சை நட்டார்கள். இன்று பத்தில் ஒரு பங்கு தேறினால் அதிகம். மிச்சம் இருப்பவர்கள் குலைகளைக் கழித்து, விளைச்சலைக் குறைத்து, அக்கறையாகச் செய்கிறார்கள். ஆனால் பழைய பேர் இன்னும் முழுசாகப் போகவில்லை. வாங்குகிற நமக்கு அது லாபம்.

படி 3: குளிர வையுங்கள்

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் வைத்துக் குடிக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். இதற்கு அது பொருந்தாது. 12 முதல் 14 டிகிரி வரை சரி. வெதுவெதுப்பாகக் குடித்தால் பழ மணம் அமுங்கி, சாராய நெடி மேலே வந்துவிடும்.

இரவே ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால், குடிக்கும் முன் அரை மணி நேரம் வெளியே எடுத்து வையுங்கள். மறந்துவிட்டீர்களா? ஒரு வாளியில் ஐஸ் போட்டுத் தண்ணீரும் ஊற்றிப் பாட்டிலைப் பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்துங்கள். வெறும் ஐஸ் மட்டும் போட்டால் கட்டிகளுக்கு இடையில் காற்றுதான் இருக்கும், பாட்டில் லேசில் குளிராது. தண்ணீர்தான் சுற்றிலும் ஒட்டிக்கொண்டு வெப்பத்தை இழுக்கும்.

படி 4: நிறத்தைப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள்

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்துப் பிடித்தால் மாதுளைச் சாறு மாதிரி, அதைவிடவும் வெளுப்பாகத் தெரியும். மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மூக்கை உள்ளே விடுங்கள். ஸ்ட்ராபெர்ரி, செர்ரி, வயலெட் பூ, பின்னால் லேசாகப் பாதாம். சிலருக்குத் திருவிழாப் பஞ்சுமிட்டாய் ஞாபகம் வரும், எனக்கு வந்தது.

நமக்கு நெருக்கமான கதை இங்கேதான் வருகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, 2023ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதன் ரகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். மரபணுவைச் சோதித்துப் பார்த்ததில் அதன் பெற்றோர் இருவரும் தெரிந்துவிட்டது: அலெக்சாந்திரியா மஸ்கட் என்ற வெள்ளைத் திராட்சையும், நம் ஸ்கியாவா குரோசாவும். பன்னீர் மணம் மஸ்கட் வழி வந்தது. கறுப்பு நிறம் ஸ்கியாவா வழி. அதனால் ஸ்கியாவா ஒயினில் அந்தப் பன்னீர் வாசத்தைத் தேடாதீர்கள், கிடைக்காது.

இந்தக் குடும்பம் ஊர் ஊராகப் பரவிய குடும்பம். லண்டனுக்குப் பக்கத்தில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768ல் நட்ட ஒரே கொடி இன்னும் காய்க்கிறது. அதுவும் ஸ்கியாவா குரோசாதான், அங்கே பெயர் பிளாக் ஹாம்பர்க். 1929ல் ஜெர்மனியில் ஆகஸ்ட் ஹெரோல்ட் என்ற திராட்சை ஆய்வாளர் இதை ரீஸ்லிங் திராட்சையோடு சேர்த்துக் கெர்னர் என்ற வெள்ளைத் திராட்சையை உண்டாக்கினார். அந்தப் பிள்ளை இப்போது தெற்கு டிரோலுக்கே திரும்பி வந்து நல்ல பேர் வாங்கிக்கொண்டிருக்கிறது.

கொடி ஏற்றும் விதத்திலும் ஒற்றுமை உண்டு. கம்பத்தைப் போலவே அங்கேயும் பந்தல்தான். ஆனால் தட்டையாக இல்லாமல் சாய்ந்து ஏறும். போல்சானோ, மலைகள் சூழ்ந்த கிண்ணம் மாதிரி இருப்பதால் கோடையில் கொளுத்தும். இலைக்கூரைக்கு அடியில் தொங்கும் குலைகள் வெயிலில் வெந்துபோகாமல் தப்பிக்கும்.

படி 5: ஒரு வாய்

சின்னதாக ஒரு வாய் எடுத்து, நாக்கில் இரண்டு விநாடி வைத்துவிட்டு விழுங்குங்கள். இப்போது ஈறையும் கன்னத்தின் உட்புறத்தையும் கவனியுங்கள். ஒயின்காரர்கள் டானின் என்று பெரிதாகப் பேசுவது வேறொன்றுமில்லை, நம் துவர்ப்புதான். நாவல்பழம் தின்றபின் நாக்கு இழுக்குமே, அதே. அறுசுவையில் அதற்குத் தனி இடம் கொடுத்து வைத்திருக்கும் நமக்கு இதைத் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. பக்கத்துத் தோட்டத்து லாக்ரைன் நன்றாகவே இழுக்கும். ஸ்கியாவாவில் துவர்ப்பு வந்த சுவடே தெரியாது; புளிப்பும் மென்மைதான். 12, 13 சதவீத ஆல்கஹால் என்பதால் தொண்டையும் எரியாது. முதல்முறை குடிப்பவர்களுக்கு இதைச் சொல்வது இதனால்தான்.

படி 6: சாப்பாட்டோடு

தனியாகக் குடித்தால் இந்த ஒயின் பாதிதான் பேசும். ஊர்க்காரர்கள் ஷ்பெக் என்னும் புகையூட்டிய பன்றி இறைச்சியை மெல்லிசாக வெட்டி, மொறுமொறு ரொட்டியோடு வைத்துக்கொள்வார்கள். பழைய ரொட்டியை ஊறவைத்துப் பிடிக்கும் க்னோடல் உருண்டையும் நல்ல துணை. அக்டோபர், நவம்பரில் போனால் டோர்கெலன் வழக்கத்தைப் பார்க்கலாம்: மலைப் பாதையில் நடந்து பண்ணை வீடுகளில் உட்கார்ந்து, புது ஒயினும் சுட்ட செஸ்ட்நட்டும். பழைய திராட்சைச் செக்கின் பெயரிலிருந்து வந்த சொல் அது.

காரமான சாப்பாட்டுக்கும் ஒத்துப்போகும். துவர்ப்பும் ஆல்கஹாலும் தூக்கலான ஒயின்கள் மிளகாய்க் காரத்தைக் கிளறிவிடும். இது குளிர்ச்சியாக இறங்கும். மிளகுக் கோழி வறுவலோடு நான் பார்த்துவிட்டேன், பிரச்சினை இல்லை. மீன் குழம்பின் புளிக்கு முன் மட்டும் நிற்க முடியவில்லை.

படி 7: மிச்சம் இருந்தால்

கார்க்கை இறுக்கி மூடி ஃப்ரிட்ஜில் நிறுத்தி வையுங்கள். மறுநாள் நன்றாகவே இருக்கும். மூன்றாம் நாள் ஸ்ட்ராபெர்ரி மணம் போய்விடும். அப்போது சட்டியில் ஊற்றிவிடுங்கள்; குலாஷ் என்னும் மாட்டிறைச்சிக் குழம்புக்கு அங்கே சிவப்பு ஒயின் ஊற்றித்தான் கொதிக்க விடுகிறார்கள்.