கேட்பாரற்ற திடலை மக்கள் புழங்கும் இடமாக மாற்றுவது எப்படி? முதல் ஸ்டுடியோ புராஜெக்ட் செய்பவர்களுக்கு

ஆர்க்கிடெக்சர் படிப்பில் இரண்டாம், மூன்றாம் ஆண்டுக்குள் எப்படியும் ஒரு முறை இந்த புராஜெக்ட் வந்துவிடும். ஊருக்குள் கேட்பாரற்றுக் கிடக்கும் ஒரு திடலையோ சதுக்கத்தையோ எடுத்துக்கொண்டு, அதற்கு மறுபடி உயிர் கொடுக்க வேண்டும். பெரும்பாலானோர் அன்று இரவே லேப்டாப்பைத் திறந்து கான்செப்ட் தேட ஆரம்பித்துவிடுவார்கள். தாமரை வடிவில் தரை, நடுவில் நீரூற்று, சுற்றிலும் வளைந்த பெஞ்சுகள். ஷீட்டில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் திடல் ஏன் இத்தனை நாளாகக் காலியாகக் கிடக்கிறது என்பதற்கு அதில் பதில் இருக்காது.

நடமாட்டமுள்ள ஊரின் நடுவே ஓர் இடம் வெறிச்சோடிக் கிடந்தால், அங்கே எதுவோ மக்களைத் தடுக்கிறது என்று பொருள். அந்தத் தடையைக் கண்டுபிடித்து எடுப்பதுதான் இந்த புராஜெக்டின் முக்கால்வாசி வேலை. புதிதாக எதையாவது கொண்டுவந்து வைப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். கீழே உள்ள படிகளை அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன்.

1. சின்ன இடமாகப் பிடியுங்கள்

அரை ஏக்கருக்குள் இருந்தால் போதும். கல்லூரியிலிருந்தோ வீட்டிலிருந்தோ அடிக்கடி போய்வர முடிகிற தூரத்தில் இருக்கட்டும். பழைய பஸ் ஸ்டாண்டு முனை, மேம்பாலத்துக்கு அடியில் உள்ள இடம், பூட்டிக் கிடக்கும் சின்னப் பூங்கா, சிலையைச் சுற்றி வேலி போட்ட முச்சந்தி, இப்படி ஊருக்கு ஊர் நிறைய உண்டு.

இடம் யாருடையது என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். மாநகராட்சியா, நெடுஞ்சாலைத் துறையா, கோயில் நிலமா? சர்வே எண் கிடைத்தால் வருவாய்த் துறையின் இணையச் சேவையில் தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். சொந்தக்காரர் யார் என்று தெரியாமல் போடும் திட்டம் ஜூரியில், அதாவது மதிப்பீட்டாளர்கள் முன் திட்டத்தை விளக்கும் அமர்வில், முதல் கேள்வியிலேயே ஆட்டம் கண்டுவிடும்.

2. இடம் எப்போது, எதனால் காலியானது?

கேஸ் ஸ்டடிக்கு நான் எப்போதும் நியூயார்க்கின் பிரையன்ட் பூங்காவைத்தான் பரிந்துரைப்பேன். இந்த புராஜெக்டுக்குத் தேவையான எல்லாப் பாடமும் அதில் இருக்கிறது.

42ஆம் தெருவில், நகரின் பெரிய பொது நூலகத்துக்குப் பின்னால் உள்ள பூங்கா அது. 1934இல், ராபர்ட் மோசஸ் பூங்காத் துறைக்குத் தலைவராக இருந்தபோது அதைப் புதுப்பித்தார்கள். தெருவின் சத்தமும் நெரிசலும் தொடாத அமைதியான இடம் வேண்டும் என்பது அன்றைய எண்ணம். அதனால் பூங்காவைத் தெரு மட்டத்தைவிட உயரத்தில் வைத்து, சுற்றிலும் சுவர், இரும்புக் கம்பி, அடர்ந்த வேலிச்செடி என்று அடைத்தார்கள். வழிகளும் குறைவு. பிளானில் பார்த்தால் அழகான, ஒழுங்கான பூங்கா. ஆனால் நடைபாதையில் போகிறவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாது. உள்ளே இருப்பவருக்கும் சட்டென்று வெளியேற வழி கிடையாது. 1970களில் அது போதைப்பொருள் விற்பவர்களின் இடமாகிவிட்டது. மற்றவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

நகரத்துப் பொது இடங்களில் மக்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கேமரா வைத்து ஆண்டுக்கணக்கில் கவனித்துவந்த வில்லியம் ஹெச். வைட் என்பவரிடம் ஆலோசனை கேட்டார்கள். அவர் போலீஸை அதிகமாக்கச் சொல்லவில்லை. பூங்கா தெருவிலிருந்து துண்டிக்கப்பட்டிருப்பதுதான் சிக்கல், வேலிகளை எடுங்கள், வழிகளை அதிகமாக்குங்கள் என்றார். 1980இல் பூங்காவை மீட்பதற்கென்றே ஓர் அமைப்பு தொடங்கியது. 1988இல் மூடி, நிலவடிவமைப்பாளர் லாரி ஓலினின் வடிவமைப்பில் வேலை நடந்து, 1992இல் மறுபடி திறந்தார்கள். வேலிச்செடிகள் போயின, வாசல்கள் அகலமாயின, இழுத்துப் போட்டு உட்காரக்கூடிய நாற்காலிகள் வந்தன. இன்று மதிய நேரத்தில் அங்கே காலி நாற்காலி தேட வேண்டியிருக்கும்.

இதிலிருந்து உங்கள் சைட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது நாற்காலியின் பச்சை நிறம் அல்ல, கேள்வி. உங்கள் திடலில் எது மறைக்கிறது, எது அடைக்கிறது? டிரான்ஸ்பார்மரா, விளம்பரப் பலகையா, வரிசையாக நிற்கும் பைக்குகளா, ஒரே ஒரு கேட்டில் தொங்கும் பூட்டா? பக்கத்து டீக்கடைக்காரர், சைக்கிள் கடைப் பெரியவர் போன்றவர்களிடம் "முன்னாடி இங்க என்ன இருந்துச்சுண்ணே?" என்று கேட்டால் பாதிக் கதை கிடைத்துவிடும். மீதியை கூகுள் எர்த்தின் பழைய படங்களில் ஆண்டு ஆண்டாகப் பின்னோக்கிப் பாருங்கள்.

3. எண்ணுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கத்தான் எல்லாருக்கும் ஆசை வரும். தயவுசெய்து குதிக்காதீர்கள். நல்ல புராஜெக்ட் இங்கேதான் பிறக்கிறது.

தேவையானவை: சைட்டின் பிளான் 1:200 ஸ்கேலில் ஒரு பிரிண்ட், ஒரு பரீட்சை அட்டை, பட்டர் ஷீட் (அடியில் உள்ள படம் தெரியும் மெல்லிய தாள்), நாலு கலர் பேனா. ஒரு வேலை நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, முடிந்தால் ஒரு சந்தை நாளோ திருவிழா நாளோ எடுத்துக்கொள்ளுங்கள். காலை 7 மணி முதல் இரவு 9 வரை, மணிக்கு ஒரு முறை பத்து நிமிடம். உங்கள் குழுவில் நாலு பேர் இருந்தால் ஷிப்ட் போட்டுக்கொள்ளலாம்.

ஒருவர் ஏதாவது ஒரு கோட்டை மனதில் வைத்துக்கொண்டு, அதைக் கடந்து போகிறவர்களை எண்ண வேண்டும். இன்னொருவர் பிளான் மேல் பட்டர் ஷீட்டை வைத்து, யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், நிற்கிறார்கள், விற்கிறார்கள், யாருக்காகவோ காத்திருக்கிறார்கள் என்று புள்ளி வைக்க வேண்டும். ஆண், பெண், குழந்தை, முதியவர் என்று கலர் மாற்றுங்கள். ஒவ்வொரு மணிக்கும் ஒரு புது பட்டர் ஷீட். கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பாருங்கள். புள்ளிகள் திடலின் நடுவில் இருக்காது. ஓரங்களில், மர நிழலில், படிக்கட்டில், கடை வாசலை ஒட்டித் திரண்டிருக்கும். எங்கே அடர்த்தியாகக் கறுத்திருக்கிறதோ அங்கே மக்கள் தங்கள் டிசைனை ஏற்கெனவே செய்துவிட்டார்கள்.

பெண்களின் எண்ணிக்கையைத் தனியாகப் பாருங்கள். ஓர் இடத்தில் பெண்கள் குறைவாக இருந்தால் அங்கே ஏதோ சரியில்லை என்பது வைட் கண்டுகொண்ட அடையாளங்களில் ஒன்று. நம் ஊரில் இது இன்னும் பொருந்தும். மாலை 6 மணிக்கு இருக்கும் பெண்கள் 7 மணிக்கு இல்லை என்றால், வெளிச்சத்தைப் பாருங்கள், கழிப்பறை இருக்கிறதா என்று பாருங்கள், எதிரே என்ன கடை என்று பாருங்கள்.

போட்டோ எடுக்கும்போது முகம் தெரியும்படி எடுக்க வேண்டுமானால் கேட்டுவிட்டு எடுங்கள். குழந்தைகளை எடுக்கவே வேண்டாம்.

4. வெயிலும் தண்ணீரும்

வெளிநாட்டு கேஸ் ஸ்டடிகளில் மக்கள் வெயிலைத் தேடி உட்காருவார்கள். நமக்கு அது தலைகீழ். மதியம் 1 மணிக்கு உங்கள் சைட்டில் உள்ள சிமெண்ட் பெஞ்சில் உள்ளங்கையை வையுங்கள். பத்து நொடி வைக்க முடியவில்லை என்றால் அந்த பெஞ்ச் மாலை வரைக்கும் இல்லாததுபோலத்தான்.

சென்னை அட்சரேகை 13 டிகிரி. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சி வெயில் நேராகத் தலைக்கு மேல் இருக்கும். அப்போது சுவர்களின் நிழல் எதற்கும் உதவாது, கூரையோ மரக்கிளையோதான் வேண்டும். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். இதைவிட முக்கியம் மாலை 3 மணிக்கு மேற்கிலிருந்து அடிக்கும் வெயில். மேற்குப் பக்கம் உயரமான கட்டடம் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, அதன் நிழல் விழும் பகுதியில்தான் உட்காரும் இடங்களை வைக்க வேண்டும். ஸ்கெட்ச்அப் என்ற 3டி மென்பொருளில் நிழல் பார்ப்பதற்கு முன் மாடலுக்கு ஊரைக் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் நிழல் வேறு நாட்டுக் கணக்கில் விழும்.

தண்ணீருக்கு, சுற்றுச் சுவர்களில் மழைக்காலக் கறை எந்த உயரம் வரை இருக்கிறது என்று டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் குளமாகும் திடலில் பள்ளமான உட்காரும் குழி வரைவது வீண்.

5. கேட்கிற விதம்

"இங்க என்ன வேணும்?" என்று கேட்டால் எல்லாரும் பூங்கா, நீரூற்று என்றுதான் சொல்வார்கள். அது அவர்கள் குற்றமில்லை, கேள்வி அப்படி. நடந்ததைக் கேளுங்கள். நேற்று எங்கே உட்கார்ந்தீர்கள், யாரோடு வந்தீர்கள், ஏன் சீக்கிரம் கிளம்பினீர்கள்?

பூ விற்கிற அக்காவிடம் "மழை வந்தா கூடையை எங்க கொண்டு போவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "எதுத்த கடை ஷட்டர் ஓரமா ஒதுங்கிக்குவேன், அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்று ஒரு பதில் வந்தால், எங்கே கூரை நீள வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

அந்த அக்காவை உங்கள் டிசைனிலிருந்து அழிக்காதீர்கள். ரெண்டரிங்கில் (கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று காட்டும் படத்தில்) தள்ளுவண்டிகள் எல்லாம் மாயமாகி, கையில் காபிக் கோப்பையோடு யாரோ நடந்து போவதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களின் பிழைப்பைப் பாதுகாக்கிறது, நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்கிறது. சட்டத்தை விடுங்கள், ராத்திரி அந்த முனையில் ஆள் இருக்கிற தைரியத்தைத் தருவதே அந்தக் கடை விளக்குதான்.

6. இப்போது வரையலாம்

முதலில் தடை என்ன என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி மேஜைக்கு எதிரே ஒட்டுங்கள். "பஸ் ஸ்டாப் பக்கம் சுவர் இருப்பதால் காத்திருப்பவர்கள் வெயிலில் நிற்கிறார்கள், உள்ளே மரநிழல் காலியாக இருக்கிறது" என்பதுபோல. அப்புறம் எடுக்க வேண்டியவற்றை மட்டும் காட்டும் ஒரு பிளான் போடுங்கள். எந்தச் சுவர், எந்தக் கம்பி, எந்தப் பலகை. புதிதாகச் சேர்ப்பவை அடுத்த ஷீட்டில் வரட்டும்.

சேர்க்கும்போது உதவும் சில அளவுகள். உட்காரும் உயரம் 40 முதல் 45 செ.மீ. அகலம் 75 செ.மீ. இருந்தால் இரண்டு பக்கமும் முதுகோடு முதுகாக உட்காரலாம். நடைபாதை தடையில்லாமல் 1.8 மீட்டர். சாய்தளம் 1:12க்கு மேல் செங்குத்தாக வேண்டாம். வைட்டின் ஆய்வுக்குப் பின் 1975இல் நியூயார்க் கொண்டுவந்த விதி, 30 சதுர அடிப் பரப்புக்கு ஓர் அடி நீளம் உட்காரும் இடம் என்பது. உங்கள் திடல் 6,000 சதுர அடி என்றால் 200 அடி. படி, மதில், மரத்திட்டு எல்லாமே இதில் சேர்த்திதான், பெஞ்சாகவே இருக்க வேண்டியதில்லை.

இருக்கிற மரங்களைச் சுற்றி ஒரு மீட்டராவது மண்ணாக விடுங்கள். புதிதாக வைப்பதென்றால் புங்கன், வேம்பு, பூவரசு, மகிழம். பனை வகைகள் படத்தில் அழகு, கீழே உட்கார நிழல் தராது.

பிளானைவிட, இடத்தைக் குறுக்கே வெட்டிப் பக்கவாட்டில் காட்டும் 1:50 செக்‌ஷனில் அதிக நேரம் செலவிடுங்கள். தெருவில் நிற்கிறவரின் கண் உயரத்திலிருந்து ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அது எங்கே முட்டுகிறது? பிரையன்ட் பூங்காவின் சிக்கல் பிளானில் தெரியாது, செக்‌ஷனில்தான் தெரியும்.

7. தரையில் ஒரு நாள் சோதனை

2009இல் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தின் ஒரு பகுதியில் வண்டிகள் வருவதைத் தடுத்துவிட்டு முதலில் போட்டது சாதாரண மடக்கு நாற்காலிகளைத்தான். மக்கள் வந்து உட்கார்ந்த பிறகுதான் நிரந்தர வேலையை நோக்கி நகர்ந்தார்கள். நீங்களும் வாடகைக்கு இருபது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு சின்னப் பந்தல், சாக்பீஸ் இவற்றோடு ஒரு நாள் செய்து பார்க்கலாம். துறைத் தலைவரின் கடிதத்தோடு மாநகராட்சி மண்டல அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். நாற்காலிகளை வரிசையாக அடுக்காமல் சும்மா விட்டுவைத்து, மாலையில் அவை எங்கே நகர்ந்திருக்கின்றன என்று மேலிருந்து ஒரு போட்டோ. அதே பட்டர் ஷீட் கணக்கையும் அன்று எடுங்கள். முன், பின் என்று இரண்டையும் அருகருகே வைத்தால் ஜூரிக்கு அதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டியதில்லை.

8. யார் பெருக்குவார்கள்?

இதற்கு ஒரு ஷீட் கட்டாயம் ஒதுக்குங்கள். பிரையன்ட் பூங்காவை ஒரு தனி அமைப்பு நடத்துகிறது. சுற்றியுள்ள கட்டட உரிமையாளர்களிடம் வசூலிக்கும் தொகை, கடை வாடகை, நிகழ்ச்சிகள் இவற்றிலிருந்து செலவைப் பார்த்துக்கொள்கிறது. அந்த ஏற்பாட்டை அப்படியே இங்கே கொண்டுவர எனக்கு உடன்பாடில்லை. பொது இடத்தில் யார் உட்காரலாம் என்பதைப் பணம் கொடுப்பவர்கள் முடிவு செய்யும் ஆபத்து அதில் இருக்கிறது. ஆனால் குப்பைத் தொட்டியை யார் காலி செய்வது, பியூஸ் போன பல்பை யார் மாற்றுவது, கழிப்பறைச் சாவி யாரிடம் என்பதற்குப் பதில் வேண்டும். பக்கத்துக் கடைக்காரர்கள், நடைப்பயிற்சிக் குழு, தூய்மைப் பணியாளர்கள் இவர்களோடு பேசி ஒரு எளிய அட்டவணை போடுங்கள்.

9. ஜூரிக்கும், அதற்கு அப்புறமும்

ஷீட் வரிசை இப்படி இருக்கட்டும்: எண்ணிக்கை வரைபடம், தடை பற்றிய அந்த ஒரு வாக்கியம், எடுப்பவை, சேர்ப்பவை, செக்‌ஷன், ஒரு நாள் சோதனை, பராமரிப்பு. ரெண்டரிங் கடைசியில் ஒன்று போதும்.

ஜூரி முடிந்ததும் எல்லாவற்றையும் சுருட்டி அலமாரிக்கு மேல் போட்டுவிடாதீர்கள். முழு திட்டத்தையும் ஏ-3 தாளில் ஒரே பக்கமாகத் தமிழில் எழுதி, உங்களுக்குப் பதில் சொன்னவர்கள் அத்தனை பேருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். வார்டு கவுன்சிலருக்கு ஒன்று. நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது அந்தப் பகுதி ஆட்களோடு போய் உட்காருங்கள். பேச வாய்ப்புக் கிடைத்தால் மொத்தத் திட்டத்தையும் விரிக்க வேண்டாம், செலவு குறைவான வேலையிலிருந்து ஆரம்பியுங்கள். "கேட் பூட்டை எடுத்துவிடலாம், சுவரைப் பார்த்துக் கிடக்கும் பெஞ்சைத் தெருப் பக்கம் திருப்பிப் போடலாம், பஸ் ஸ்டாப் அருகே கம்பி வேலியில் ஒரு வழி விடலாம்" என்று மூன்று வேலை. எண்ணிக்கை வரைபடத்தைக் கையில் வைத்திருங்கள், ஏன் என்று கண்டிப்பாகக் கேட்பார்கள்.