குறைந்த பட்ஜெட்டில் கேமிங் பிசி: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது

பட்ஜெட் பிசி கட்டுபவர்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் பெயர்தான். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டும் உண்டு, 6 ஜிபி கார்டும் உண்டு. முதலாவதில் 2560 கோர்கள், 128 பிட் பஸ் (சிப்புக்கும் மெமரிக்கும் இடையிலான பாதை). இரண்டாவதில் 2304 கோர்கள், 96 பிட் பஸ். மெமரி மட்டும் கொஞ்சம் குறைவு என்று நினைத்து வாங்கினால் கைக்கு வருவது வேறொரு கார்டு. பிராசசர், எஸ்எஸ்டி, பவர் சப்ளை எல்லாவற்றிலும் இந்தக் கதை உண்டு. பாகங்களை எந்த வரிசையில் முடிவு செய்வது, ஒவ்வொன்றின் ஸ்பெக் பட்டியலிலும் எந்த வரியில் கண் வைப்பது என்று பார்ப்போம்.

முதலில் மானிட்டர். ஏற்கெனவே இருப்பது 1080பி, 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால், 140 எஃப்பிஎஸ் (நொடிக்கு 140 ஃபிரேம்) தரும் கார்டுக்குப் பணம் கொட்டுவதில் அர்த்தமில்லை. அது தரும் ஃபிரேம்களில் பாதிக்குமேல் திரைக்கே வராது. போட்டி விளையாட்டுகள்தான் ஆடப்போகிறீர்கள் என்றால் 1080பி, 144 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டு மேலே போகலாம். பட்ஜெட் பிசிக்கு 4கே பேச்சே வேண்டாம்.

கிராஃபிக்ஸ் கார்டு

மானிட்டரை விட்டுவிட்டு, மொத்தப் பணத்தில் 40 சதவீதம் வரை இதற்கே போகலாம். போகட்டும். விளையாட்டில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இங்கிருந்துதான் வருகிறது.

முதலில் பார்க்க வேண்டியது வீடியோ மெமரி. புதிய பெரிய விளையாட்டுகளில் 4 ஜிபி கார்டு திணறுகிறது. 8 ஜிபியைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். மெமரி போதாதபோது சராசரி எஃப்பிஎஸ் நன்றாகத்தான் காட்டும், ஆனால் திரும்பும்போதெல்லாம் படம் வெட்டி வெட்டி ஓடும், சுவர்களின் டெக்ஸ்சர் களிமண் பூசியதுபோல் தெரியும். சராசரி எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஒப்பீட்டு வீடியோக்களில் "1% லோ" என்று வரும் எண்ணையும் (மிக மெதுவான 1 சதவீத ஃபிரேம்களின் வேகம்) பாருங்கள்.

அடுத்தது, கார்டு மதர்போர்டோடு பேசும் பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன்களின் (டேட்டா பாதைகளின்) எண்ணிக்கை. ஸ்லாட்டில் 16 லேன் இருந்தாலும் கார்டு அத்தனையையும் பயன்படுத்தும் என்பதில்லை. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கே லேன்களில் ஓடுகிறது, மெமரியும் 4 ஜிபிதான். பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 போர்டில் சமாளித்துவிடும். 3.0 போர்டில் செருகினால் பாதை பாதியாகிறது. மெமரி நிரம்பியதும் டேட்டா வந்துசேர வழியில்லாமல் எஃப்பிஎஸ் சரிகிறது. பழைய பிசியை மேம்படுத்தத்தான் பலர் இதைத் தேடுகிறார்கள், அவர்களுக்குத்தான் இது கொஞ்சமும் பொருந்தாத கார்டு. வீடியோ என்கோடரும் இதில் இல்லை, எனவே ஸ்ட்ரீமிங், ரெக்கார்டிங் செய்தால் பாரம் பிராசசர் தலையில் விழும். ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 இரண்டும் 8 லேன் கார்டுகள், 3.0 போர்டில் இழப்பு இருந்தாலும் பொதுவாகப் பெரிதாக இராது.

இன்டெல் ஆர்க் பி580 கார்டில் 12 ஜிபி மெமரி இருப்பது ஆசை காட்டும். ஆனால் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே தடவையில் அணுக விடுவது) என்ற வசதி பயாஸில், அதாவது மதர்போர்டின் அடிப்படை மென்பொருளில், இயங்கினால்தான் அது ஒழுங்காக ஓடும். அந்த வசதி இல்லாத பழைய போர்டுக்கு இது வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 3060 வாங்குவதென்றால் 12 ஜிபி கார்டா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதே பெயரில் பஸ் அகலம் குறைந்த 8 ஜிபி கார்டும் இருக்கிறது.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற அப்ஸ்கேலிங் (சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும்) வசதிகளை நம்பிக் கார்டைக் குறைக்க வேண்டாம். 1080பி திரையில் "குவாலிட்டி" நிலையிலேயே உள்ளே வரைவது 720பி படம்தான். அதற்குக் கீழே இறங்கினால் மங்கல் தெரியும்.

பழைய கார்டு வாங்கலாம், பணத்துக்கு அதிகப் பலன் பல சமயம் அங்கேதான் கிடைக்கும். ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து சிப்பின் பெயரைச் சரிபாருங்கள். பழைய சிப்பின் பயாஸை மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்கும் போலிகள் உண்டு. பிறகு ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளை அல்லது கனமான ஒரு விளையாட்டைக் கால் மணி நேரம் ஓட விடுங்கள். திரையில் புள்ளி, கோடு தெரிந்தாலோ, ஃபேன் உரசும் சத்தம் வந்தாலோ விட்டுவிடுங்கள். எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் துளை ஒவ்வொன்றிலும் கேபிளை மாற்றிச் செருகிப் பார்ப்பதும் அவசியம்.

பிராசசரும் மதர்போர்டும்

6 கோர், 12 த்ரெட் போதும். அதற்கு மேல் போகும் பணத்தைக் கார்டில் போடுங்கள்.

ஏஎம்டியின் ரைசன் 5 5500, ரைசன் 5 5600 இரண்டுக்கும் அதே 6 கோர். ஆனால் 5500இல் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) 16 எம்பி, 5600இல் 32 எம்பி. விளையாட்டுகளுக்குக் கேஷ் பெரிய விஷயம். போதாததற்கு 5500 பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 மட்டுமே தரும், போர்டு 4.0 ஆக இருந்தாலும். அதாவது 5500க்கு 6500 எக்ஸ்டியைச் சேர்ப்பது, விலை குறைவு என்று இரண்டு பாகங்களைத் தேர்ந்து இரண்டின் பலவீனத்தையும் ஒன்றாகக் கட்டுவது. 5600க்குக்கூட 4.0 கிடைக்க பி550 போர்டு வேண்டும். ஏ520 போர்டில் 3.0தான்.

இன்டெல் பக்கம் கோர் ஐ5-12400எஃப் நல்ல தேர்வு. மிகவும் இறுக்கமான பட்ஜெட்டுக்கு 4 கோர் உள்ள ஐ3-12100எஃப்பும் தாங்கும், பின்னணியில் பிரவுசரும் சாட் செயலியும் திறந்திருந்தால் மட்டும் மூச்சு வாங்கும். கடைசியில் உள்ள எஃப் எழுத்துக்கு, உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை என்று பொருள். ரைசன் 5 5600இலும் இல்லை. கார்டை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று இவற்றை வாங்கினால், அதுவரை திரை கருப்புதான். அப்படி ஒத்திப்போடுவதாக இருந்தால் 5600ஜி போன்ற ஜி வகையைப் பாருங்கள். அதிலும் கேஷ் 16 எம்பி, பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0தான் என்பது மனதில் இருக்கட்டும்.

ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் டிடிஆர்5 ரேம் மட்டுமே ஏற்கும். மொத்தச் செலவு கூடும், ஆனால் பின்னால் போர்டை மாற்றாமல் பிராசசரை மாற்ற வழி இருக்கும். இன்டெலின் எல்ஜிஏ1700 போர்டுகளில் டிடிஆர்4க்கு ஒரு வகை, டிடிஆர்5க்கு ஒரு வகை. பெயரின் கடைசியில் டி4 என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றின் ரேம் மற்றதில் செருகாது, வெட்டின் இடமே வேறு.

போர்டு வாங்கும்போது விட்டுப்போகும் விஷயம் பயாஸ். பழைய சரக்காகக் கிடந்த பி450 அல்லது பி550 போர்டுக்கு ரைசன் 5000 வரிசை பிராசசரை அடையாளம் தெரியாமல் போகலாம். பி660, எச்610 போர்டுகளுக்கு இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை பிராசசர்களோடு அதே சிக்கல். பிராசசர் இல்லாமலே பென்டிரைவிலிருந்து பயாஸை ஏற்றும் ஃபிளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டு என்றால் கவலையில்லை. இல்லையேல் விற்பவரிடமே புதிய பயாஸ் ஏற்றித் தரச் சொல்லுங்கள்.

ரேமும் எஸ்எஸ்டியும்

16 ஜிபி, அதுவும் 8 ஜிபி ஸ்டிக் இரண்டாக. ஒரே 16 ஜிபி ஸ்டிக் வாங்கினால் சிங்கிள் சேனலில் ஓடும், பிராசசருக்கு ரேமிலிருந்து வரும் பாதை பாதியாகும். ஜி வகைப் பிராசசர் ரேமையே வீடியோ மெமரியாகவும் பயன்படுத்துவதால் அங்கே அடி பலமாக விழும். டிடிஆர்4 என்றால் 3200 வேகம், சிஎல்16 (தாமத அளவு) போதும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகுங்கள்.

எஸ்எஸ்டி 1 டிபி இருந்தால் நல்லது. ஒரே விளையாட்டு 100 ஜிபியைத் தாண்டுவது இப்போது சாதாரணம். எம்.2 வடிவில் (போர்டில் நேராகச் செருகும் மெல்லிய பட்டை) இருப்பதெல்லாம் வேகமான என்விஎம்இ வகை இல்லை; அதே வடிவில் வரும் சாட்டா வகை நொடிக்கு சுமார் 550 எம்பியோடு நின்றுவிடும். சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் ஒன்றிரண்டு சாட்டா துளைகள் அணைந்துபோகும், கையேட்டில் சிறு எழுத்தில் போட்டிருப்பார்கள். மற்றபடி என்விஎம்இயில் வேகப் போட்டிக்குப் பணம் கொடுக்க வேண்டாம். லோடிங் நேரத்தில் வித்தியாசம் சில நொடிகள்தான்.

பவர் சப்ளை

இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. கேபினெட்டோடு இலவசமாக வருவதைக் கழற்றி ஓரமாக வையுங்கள்.

பெட்டியில் 500 வாட் என்று இருக்கும். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படியுங்கள். பிராசசரும் கார்டும் மின்சாரம் எடுப்பது 12 வோல்ட் தடத்தில்தான். அங்கே 25 ஆம்பியர் என்று இருந்தால் 12 × 25 = 300 வாட். மீதி 200 வாட், 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் கணக்குக் காட்டியது. 550 வாட் சப்ளையில் 12 வோல்ட் தடம் 40 ஆம்பியருக்குக் குறையக் கூடாது.

தேவை எவ்வளவு? ஆர்எக்ஸ் 6600க்கு 132 வாட், 5600 முழு மூச்சில் 76 வாட், மற்றவை எல்லாம் சேர்ந்து 50 வாட். கூட்டினால் 260 வாட்டை ஒட்டி வரும். தரமான 450 வாட்டே போதும். பின்னால் கார்டு மாற்றும் எண்ணமிருந்தால் 550. கார்டு கணப்பொழுதுக்கு இதைவிட அதிகமாக இழுக்கும், அதைத் தாங்காத சப்ளைதான் விளையாட்டின் நடுவே பிசியைப் பட்டென்று அணைக்கிறது. 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை மின் சிக்கனத்தைத்தான் சொல்கிறது, பாதுகாப்புச் சுற்றுகள் பற்றி எதுவும் சொல்வதில்லை. நம்பகமான பிரித்தாய்ந்த ரிவ்யூ இருக்கும் மாடலாகப் பார்த்து எடுங்கள்.

மாடுலர் (கேபிள்களைக் கழற்றி மாட்டும்) சப்ளையின் கேபிள்களை வேறு சப்ளையில் செருகாதீர்கள். முனை பொருந்தும், உள்ளே வயர் வரிசை வேறாக இருக்கும். செருகி ஆன் செய்தால் எஸ்எஸ்டியோ ஹார்ட் டிஸ்க்கோ பொசுங்கும்.

கேபினெட்டில் முன்பக்கம் வலையாக இருக்கட்டும். கண்ணாடி மூடியது அழகு, காற்று வராது. முன்னால் இரண்டு ஃபேன், பின்னால் ஒன்று. கார்டின் நீளமும் கூலரின் உயரமும் உள்ளே அடங்குமா என்று மில்லிமீட்டரில் ஒப்பிடுங்கள். 5600, 12400எஃப் இரண்டுக்கும் பெட்டியோடு வரும் கூலர் போதும், சத்தம்தான் கொஞ்சம் இருக்கும்.

முதல்முறை ஆன் செய்யும்போது

எல்லாவற்றையும் கேபினெட்டில் முறுக்குவதற்கு முன், மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டி மேல் வைத்து பிராசசர், கூலர், ஒரு ரேம், கார்டு மட்டும் பொருத்தி ஆன் செய்து பாருங்கள். பவர் ஸ்விட்ச் பின்கள் இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் போதும். படம் வரவில்லையென்றால் பதறவேண்டாம். மானிட்டர் கேபிள் போர்டில் இல்லாமல் கார்டில் செருகியிருக்கிறதா, பிராசசருக்கான 8 பின் கேபிள் செருகியாயிற்றா, ரேம் கிளிக் என்று உட்கார்ந்ததா என்று பாருங்கள். டிடிஆர்5 போர்டுகள் முதல்முறை ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும்; அந்தக் கருப்புத் திரையைப் பார்த்து அவசரப்பட்டு அணைக்காதீர்கள்.

கேபினெட்டில் ஏற்றும்போது, போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் ஸ்டாண்டாஃப் (போர்டைத் தாங்கும் சிறு உலோகத் தண்டு) இருந்தால் கழற்றிவிடுங்கள், பின்பக்கம் ஷார்ட் ஆகும்.

படம் வந்ததும் பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமை அதன் அறிவித்த வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்யுங்கள். செய்யாவிட்டால் 3200 ரேம் பெரும்பாலும் 2133இலோ 2400இலோ 2666இலோதான் ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் ஏறிய பிறகு டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ரெஃப்ரெஷ் ரேட்டை 144க்கு மாற்றுங்கள். அது பெரும்பாலும் 60இலேயே நிற்கும். ரிட்டர்ன் காலம் முடிவதற்குள் ரேமுக்கு ஒரு இரவு மெம்டெஸ்ட்86 என்ற சோதனை மென்பொருளை ஓட்டிவிட்டு, அதன் பிறகு பெட்டிகளைத் தூக்கிப் போடுங்கள்.