பைத்தானிலிருந்து குபெர்னெட்டிஸ்: கிளையன்ட் லைப்ரரியை அமைப்பது எப்படி?

குபெர்னெட்டிஸ் என்பது கன்டெய்னர்களைப் பல கணினிகளில் ஓட்டி நிர்வகிக்கும் அமைப்பு. அதற்கு ஆணையிடும் க்யூப்சிடிஎல் கட்டளையைப் பைத்தானுக்குள்ளிருந்து ஓட்டி, அது அச்சிடும் வரிகளை வெட்டிப் படிக்கும் ஸ்கிரிப்டுகள் நிறைய இடங்களில் ஓடுகின்றன. வேலை நடக்கும்தான். ஆனால் அச்சிடும் வடிவம் கொஞ்சம் மாறினாலும் எல்லாம் உடைந்துபோகும். அதிகாரபூர்வ கிளையன்ட் லைப்ரரி இருக்கும்போது அந்தப் பாடு வேண்டாம்.

கிளஸ்டர் (குபெர்னெட்டிஸ் ஓடும் கணினிகளின் தொகுப்பு) இல்லாதவர்கள் டாக்கர் மேல் கைண்ட் (சொந்தக் கணினியிலேயே கிளஸ்டர் அமைக்கும் கருவி) போட்டுக்கொள்ளுங்கள். பழகுவதற்குக் காசு கட்டி கிளவுடில் எடுக்கத் தேவையில்லை.

படி 1. விர்ச்சுவல் என்விரான்மென்டுக்குள் "பிப் இன்ஸ்டால் குபெர்னெட்டிஸ்". லைப்ரரியின் 29 வரிசை குபெர்னெட்டிஸ் 1.29-ஐ ஒட்டியது. உங்கள் கிளஸ்டர் பதிப்புக்கு நெருக்கமான எண்ணை ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் எழுதி வையுங்கள்.

படி 2. கிளையன்ட், கான்ஃபிக் இரண்டையும் இம்போர்ட் செய்து, லோட்_க்யூப்_கான்ஃபிக் ஃபங்ஷனை அழையுங்கள்.

இங்கே நிதானம் வேண்டும். ஹோம் டைரக்டரியில் இருக்கும் க்யூப்கான்ஃபிக் கோப்பை, அதாவது கிளஸ்டர்களோடு இணைவதற்கான விவரங்கள் உள்ள கோப்பை, அது படிக்கும். அதில் கரன்ட் கான்டெக்ஸ்ட் (இப்போது தேர்ந்திருக்கும் கிளஸ்டர் இணைப்பு) எதுவோ, அந்தக் கிளஸ்டரோடுதான் பேசும். காலையில் இன்னொரு டெர்மினலில் ப்ரொடக்ஷனுக்கு மாற்றிவிட்டு அப்படியே விட்டிருந்தால், பாட்களை (கன்டெய்னர்கள் ஓடும் சிறு அலகுகளை) அழிக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று மாலையில் ஓடினால், ப்ரொடக்ஷனில் இருப்பவற்றையே அழிக்கும். "நிச்சயமா?" என்று ஒரு கேள்வியும் வராது. அதனால் கான்டெக்ஸ்ட் ஆர்குமென்டில் பெயரை எழுதியே கொடுங்கள். கைண்டின் வழக்கமான கிளஸ்டர் என்றால் அந்தப் பெயர் "கைண்ட்-கைண்ட்".

இதே நிரல் லேப்டாப்பில் ஓடும், கிளஸ்டருக்குள் ஒரு பாடில் வைத்தால் கான்ஃபிக்எக்செப்ஷன் தரும். பாடுக்குள் அந்தக் கோப்பே கிடையாது. அங்கே லோட்_இன்கிளஸ்டர்_கான்ஃபிக்தான் சரி. பாடின் சர்வீஸ் அக்கவுன்டுக்குரிய (கிளஸ்டரிடம் பாடின் அடையாளமாக இருக்கும் கணக்குக்குரிய) டோக்கனை அது எடுத்துக்கொள்ளும். ட்ரை பகுதியில் முதலில் இதை அழையுங்கள். எக்செப்ஷன் வந்தால் க்யூப்கான்ஃபிக்குக்குப் போகட்டும். ஒரே நிரல் இரண்டு இடத்திலும் ஓடும்.

படி 3. கோர்வி1ஏபிஐ ஆப்ஜெக்ட் ஒன்றை உருவாக்கி, லிஸ்ட்_நேம்ஸ்பேஸ்ட்_பாட் அழையுங்கள். ஐட்டம்ஸ் பட்டியலில் ஒவ்வொரு பாடின் பெயரும் நிலையும் கிடைக்கும். டிப்ளாய்மென்ட்டை (ஒரே வகைப் பாட்களைப் பராமரிக்கும் அமைப்பை) இங்கே தேடாதீர்கள், அது ஆப்ஸ்வி1ஏபிஐ பக்கம்.

பாடுக்குள்ளிருந்து அழைக்கும்போது 403 என்ற பிழை வந்தால் அமைப்பில் கோளாறு இல்லை, அனுமதிதான் இல்லை. பாட்களைப் பட்டியலிட மட்டும் ஒரு ரோல் (அனுமதிகளின் பட்டியல்) எழுதி, ரோல்பைண்டிங் வழியாக அந்த சர்வீஸ் அக்கவுன்டோடு இணையுங்கள். அவசரத்துக்கு கிளஸ்டர்-அட்மின் (முழு அதிகாரம் தரும் ரோல்) கொடுத்துவிடுவது பலரிடம் இருக்கும் பழக்கம்; தயவுசெய்து வேண்டாம். அந்த ஒரு பாடுக்குள் யாராவது நுழைந்தால் மொத்தக் கிளஸ்டரும் அவர் கையில்.

பிற்சேர்க்கை: நிறுவிய பிறகும் "கிளையன்ட்டை இம்போர்ட் செய்ய முடியவில்லை" என்று வருவதாகச் சிலர் கேட்டிருந்தீர்கள். உங்கள் ஸ்கிரிப்டின் பெயரே குபெர்னெட்டிஸ் டாட் பிஒய் என்று இருக்கிறதா பாருங்கள். பைத்தான் லைப்ரரியை விட்டுவிட்டு உங்கள் கோப்பையே எடுத்துக்கொள்ளும். பெயரை மாற்றினால் சரியாகிவிடும்.