மனித ஐஜிஜி துணைவகைகளை ஒளிரும் எதிர்ப்பொருள்களால் கண்டறியும் முறை

ஐஜிஜி (IgG) என்பது இரத்தத்திலுள்ள ஒரு வகை எதிர்ப்பொருள். மனித ஐஜிஜியில் நான்கு துணைவகைகள் உள்ளன. சீரத்தில் (இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியில்) ஐஜிஜி1 மிகுதியாகவும் ஐஜிஜி4 மிகக் குறைவாகவும் இருப்பதால், ஐஜிஜி1-உடன் சிறிதளவே குறுக்காக வினைபுரியும் மோனோகுளோனல் எதிர்ப்பொருள்கூட (ஒரே இலக்கைப் பற்றுமாறு ஆய்வகத்தில் தயாரித்தது) ஐஜிஜி4 கணக்கை முற்றிலும் தவறாக்கிவிடும். ஆகவே தூய்மைப்படுத்திய நான்கு துணைவகைகளையும் தனித்தனி நுண்மணிகளில் ஒட்டி, வாங்கிய எதிர்ப்பொருள் தன் இலக்கை மட்டுமே பற்றுகிறதா என்று முதலில் சோதியுங்கள்.

இரத்தத்திலுள்ள பி செல்களை (எதிர்ப்பொருள் தயாரிக்கும் வெள்ளணு வகையை) சாயமிடும்போது, செல்களைக் குளிர்ந்த கரைசலில் மூன்று முறையேனும் கழுவுங்கள். எஞ்சிய சீர ஐஜிஜி சாயமேற்றிய எதிர்ப்பொருளை உறிஞ்சிக்கொள்ளும். எஃப்சி ஏற்பிகளை (எதிர்ப்பொருளின் வால்பகுதியைப் பற்றும் செல் பரப்புப் புரதங்களை) அடைக்க வழக்கம்போல மனித ஐஜிஜியைச் சேர்ப்பது இங்கே பெரும் பிழை, ஏனெனில் நாம் தேடும் பொருளையே குழாயில் கொட்டியதாகிவிடும். அடைப்புக் கரைசலின் புட்டியில் உட்பொருளைப் படித்துப் பார்க்காமல் சேர்க்காதீர்கள்.

எதிர்ப்பொருளின் அளவை இரட்டை நீர்ப்பு வரிசையால் (ஒவ்வொரு படியிலும் செறிவைப் பாதியாக்கி) தீர்மானித்து, 4 டிகிரி செல்சியஸில், இருட்டில், 30 நிமிடம் வைத்துக் கழுவுங்கள். எஃப்ஐடிசி, பைக்கோஎரித்ரின் என்ற ஒளிரும் சாயங்கள் இரண்டையும் 488 நானோமீட்டர் லேசர் தூண்டும். முன்னது பச்சையிலும் பின்னது ஆரஞ்சிலும் ஒளிர்ந்தாலும் ஒன்றின் ஒளி மற்றதன் வடிகட்டியில் கசியும் என்பதால், ஒரே சாயமிட்ட செல்களுள்ள குழாய்களைக் கொண்டு அந்தக் கசிவை அளந்து ஈடுசெய்ய வேண்டும். பைக்கோஎரித்ரினை உறையவைத்தால் கெட்டுவிடும்.

மோனோசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளணுக்கள், தம் எஃப்சி ஏற்பிகளில் பிற செல்கள் தயாரித்த ஐஜிஜியைச் சுமந்து திரிபவை. ஆகவே பி செல்களின் அடையாளப் புரதமான சிடி19 உள்ள செல்களை மட்டும் பிரித்தெடுத்தே எண்ணுங்கள்.