உப்புக்காற்றில் மேடை லைட் கட்டுறீங்களா? கனெக்டரைக் கவனிங்க

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரைப் பக்கம் திருவிழா மேடைக்கு லைட் கட்டும் தம்பிகளுக்கு ஒரு விஷயம். பார் லைட்டை மலிவாக வாங்கினாலும் பரவாயில்லை, சிக்னல் ஒயரின் முனையில் செருகும் கனெக்டரில் மட்டும் காசை மிச்சம் பிடிக்காதீங்க. உப்புக்காற்று முதலில் அரிப்பது அதைத்தான். கனெக்டருக்குள் இருக்கும் ஊசி, அதாவது பின் (pin), பச்சை பூத்துவிட்டால் சிக்னல் விட்டு விட்டு வரும், லைட் தன்னிஷ்டத்துக்குத் துடிக்கும். தங்கமுலாம் பூசிய பின், ஒயரைக் கெட்டியாகப் பிடிக்கும் கிளாம்ப், இந்த இரண்டையும் பார்த்து வாங்குங்க.

மைக் ஒயர் கிடக்கிறதே என்று அதையே நீளமாக ஓட்ட வேண்டாம். கன்ட்ரோலரிலிருந்து லைட்டுகளுக்கு உத்தரவு கொண்டுபோகும் டிஎம்எக்ஸ் (DMX) சிக்னலுக்கு 120 ஓம் கேபிள்தான் சரி.

சிக்னலைப் பல லைனாகப் பிரிப்பதற்கு ஒய் ஒயர் (ஒரு முனை இரண்டாகப் பிரியும் ஒயர்) போடுவது ரொம்பத் தப்பு. சிக்னல் திரும்பி மோதிக் கெட்டுப்போகும். காசை இங்கே செலவழிங்க: நான்கு அவுட் உள்ள ஆப்டோ ஐசொலேட்டட் ஸ்பிளிட்டர் (லைன்களுக்கு நடுவே மின்தொடர்பு இல்லாமல் சிக்னலைப் பிரித்துத் தரும் பெட்டி) ஒன்று. ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் ஒரு லைனில் கோளாறு வந்தாலும் கன்ட்ரோலர் வரை ஏறாமல் அது தடுக்கும். ஸ்பிளிட்டரின் ஒவ்வொரு அவுட்டிலும் 32 லைட்டுக்கு மேல் கோக்காதீங்க.

லைன் முடிவில் சிக்னல் திரும்பி வராமல் தடுக்கும் டெர்மினேட்டரைக் கடையில் வாங்கவே வேண்டாம். ஒரு ஆண் கனெக்டருக்குள் (பின் நீட்டிக்கொண்டிருப்பது) 2-ஆம் பின்னுக்கும் 3-ஆம் பின்னுக்கும் நடுவே 120 ஓம் ரெசிஸ்டரைப் பற்றவைத்து, ஒவ்வொரு லைனிலும் கடைசி லைட்டின் அவுட்டில் செருகிவிடுங்க. ரெசிஸ்டர் சில ரூபாய்தான்.

நிகழ்ச்சி முடிந்ததும் கனெக்டர்களை உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்க.